வேப் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகளின், அதாவது மின் சிகரெட்டுகளின், விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை செய்யப்பட்டதிலிருந்து, மறுபடி நிரப்பும் கருவிகளைப் பற்றியும், அவற்றைத் தாமே அமைத்துப் பழகும் பொழுதுபோக்கைப் பற்றியும் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. வேறு நாடு குறிப்பிடப்படாத இடங்களில் பேசப்படுவது பிரிட்டன் சட்டமே. கேள்வி கேட்டவர்கள் அனைவரும் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் என்று கொண்டே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, பல ஆண்டுகள் சிகரெட் புகைத்துவிட்டு, எறிந்துவிடும் வேப்பின் துணையால் அதை விட்டேன். இப்போது வேறு கருவிக்கு மாற வேண்டியுள்ளது. அலுவலக நண்பர்கள் இருவர் கம்பி சுற்றி, பஞ்சு வைத்து, கருவியைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். எனக்கும் அதில் ஆர்வம் உண்டு. முதலில் எதை வாங்குவது?
– வாசகர், குரோய்டன்

பதில்: தங்கள் கடிதத்தில் இரண்டு தேவைகள் கலந்திருக்கின்றன. சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருப்பதற்கு, அன்றாடம் தவறாமல் இயங்கும் கருவி ஒன்று வேண்டும். சுற்றிப் பழகுவதற்கு வேறொன்று வேண்டும். இரண்டையும் ஒன்றிலேயே தேடுபவர்கள், சுற்றிய சுருள் சரியாக அமையாத நாளில் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே முதலில் பாட் எனப்படும், திரவக் குப்பியைச் செருகிக் கழற்றும், மறுபடி நிரப்பக்கூடிய சிறிய கருவி ஒன்றை வாங்குங்கள். அது நன்றாகப் பழகிய பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் உள்ளே இருப்பவை நான்குதாம்: பேட்டரி, காயில் எனப்படும் கம்பிச்சுருள், பஞ்சு, திரவம் நிற்கும் கலம். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவது போலவே பஞ்சு திரவத்தைச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் இங்கே எதுவும் எரிவதில்லை, சூடேறிய சுருள் திரவத்தை நுண்துளிப் படலமாக மாற்றுகிறது. திரவத்தின் அடிப்படை புரொப்பிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின் என்னும் இரண்டும் கலந்தது. முன்னது நீர்த்தது, சுவையையும் தொண்டையில் படும் உறைப்பையும் தருவது; பின்னது கெட்டியானது, புகைமூட்டத்தைத் தருவது. சிறிய பாட் கருவிக்கு இரண்டும் சரிபாதியாக உள்ள திரவம் பொருந்தும். கிளிசரின் எழுபது விழுக்காடு உள்ள கெட்டித் திரவத்தை அதில் ஊற்றினால், பஞ்சு வேகமாக உறிஞ்ச முடியாமல் காய்ந்துபோகும்.

இழுக்கும் முறையும் இரண்டு. சிகரெட் புகைத்தவர்கள் முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு உள்ளே எடுப்பார்கள். இதற்கு 1 ஓம் அளவுள்ள சுருளும், 10 முதல் 15 வாட் வரையிலான ஆற்றலும் போதும். நேராக நுரையீரலுக்கு இழுக்கும் முறைக்குக் குறைந்த ஓம் சுருள், அகன்ற காற்றுத்துளை, மிகுந்த வாட் ஆகிய மூன்றும் தேவைப்படும். திரவமும் பல மடங்கு செலவாகும். இந்த இரண்டாம் முறையில் ஒவ்வோர் இழுப்பிலும் உள்ளே செல்லும் ஆவி மிகுதி என்பதால், நிக்கோட்டின் செறிவைக் கண்டிப்பாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாட் கருவியில் பயன்படுத்திய 20 மில்லிகிராம் திரவத்தைப் பெரிய கருவியில் ஊற்றியவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமே உச்சவரம்பு. நிக்கோட்டின் கலந்த திரவப் புட்டி 10 மில்லிலிட்டருக்கும், கருவியின் கலம் 2 மில்லிலிட்டருக்கும் மேற்படக் கூடாது. இவற்றை மீறிய பொருளைக் கடைக்காரர் நீட்டினால், அந்தக் கடையில் வேறு எதையும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: சுருள் சுற்றும் கருவிப்பெட்டியும், கம்பியும், பஞ்சும் வாங்கிவிட்டேன். ஓம், வாட், ஆம்பியர் ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? 40 ஆம்பியர் என்று அச்சிட்ட 18650 பேட்டரி இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், இல்ஃபர்ட்

பதில்: வாங்க வேண்டாம். 18650 என்பது வெறும் அளவுப் பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை. அந்த அளவில் தொடர்ந்து 40 ஆம்பியர் தரவல்ல மின்கலம் சந்தையில் இல்லை; நல்ல உற்பத்தியாளர்களின் தரமான கலங்களில் பெரும்பாலானவை 15 முதல் 25 ஆம்பியர் வரைதான் தொடர்ச்சியாகத் தரும். யாரோ தயாரித்த கலத்துக்கு வேறு உறை மாட்டி, விருப்பம்போல் எண்ணை அச்சிட்டு விற்கும் வழக்கம் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நொடிப்பொழுது தரும் உச்ச மின்னோட்டத்தைப் பெரிய எழுத்திலும், தொடர்ந்து தரும் மின்னோட்டத்தை எங்குமே எழுதாமலும் விடுவது அவர்களுடைய உத்தி. நாம் பார்க்க வேண்டியது தொடர் மின்னோட்ட அளவு ஒன்றையே.

இந்தப் பொழுதுபோக்கைச் சுவைகளின் உலகமாகவும் புகை வளையங்களின் உலகமாகவும் எண்ணி உள்ளே வருகிறார்கள். நான் அதை மின்சாரப் பொழுதுபோக்காகவே கருதுகிறேன். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி இங்கே கையில் பிடித்திருக்கும் பொருளின் விதியாகிவிடுகிறது: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். முழுதும் சார்ஜ் ஏற்றிய கலத்தில் 4.2 வோல்ட் இருக்கும். 1 ஓம் சுருளை நேரடியாக இணைத்தால் 4.2 ஆம்பியர் ஓடும், ஏறத்தாழ 18 வாட். 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர், 35 வாட். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், 88 வாட். மின்தடையைக் குறைக்கக் குறைக்க ஆற்றல் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைப் பாருங்கள். 20 ஆம்பியர் கலத்தின் எல்லை 0.2 ஓமிலேயே கடந்துவிடுகிறது.

மோட் எனப்படும் பெரிய கருவிகளில் மின்னணுச் சில்லு பொருத்தியவற்றில் கணக்கு சற்று மாறும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். அங்கே நாம் வாட் அளவைத் தேர்ந்தெடுக்கிறோம். சில்லு எப்பாடுபட்டாவது அந்த வாட்டைத் தர முயலும். பேட்டரியின் மின்னழுத்தம் இறங்க இறங்க, அதே வாட்டைத் தருவதற்கு அது மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே சார்ஜ் தீரும் தறுவாயில்தான் பேட்டரிக்குச் சுமை மிகுதி. கருவி 3.2 வோல்ட்டில் நின்றுவிடுகிறது, சில்லின் திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், ஒற்றை பேட்டரிக் கருவியில் 40 வாட்டுக்கு ஏறத்தாழ 14 ஆம்பியரும், 60 வாட்டுக்கு 21 ஆம்பியரும், 80 வாட்டுக்கு 28 ஆம்பியரும் இழுக்கப்படும். எனவே ஒற்றை 18650 கருவியின் அட்டைப்பெட்டியில் 80 வாட் என்று போட்டிருந்தாலும், 40 முதல் 50 வாட்டைத் தாண்டாதிருப்பது நல்லது. அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பேட்டரி போடும் கருவிக்குப் போக வேண்டும். அவற்றை ஒரே நாளில் சேர்த்து வாங்கி, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே ஓய்வு கொடுக்க வேண்டும்.

பேட்டரியின் மேலுறை மிக மெல்லியது. நேர்முனையையும் அதைச் சுற்றியுள்ள சிறு காப்பு வளையத்தையும் தவிர, அந்த உலோக உருளை முழுவதுமே எதிர்முனை. உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் அதைப் பயன்படுத்தாமல் எடுத்து வைத்து, புது உறை மாட்டிக்கொள்ளுங்கள். உறை சில காசுகள்தாம், நல்ல வேப் கடைகளில் இலவசமாகவே மாட்டித் தருவார்கள். சாவிக்கொத்தும் சில்லறையும் உள்ள சட்டைப்பையில் பேட்டரியைத் தனியே போடுவது இந்தத் துறையில் நிகழும் தீக்காயங்களுக்குப் பெரிய காரணம். பிளாஸ்டிக் பேட்டரிப் பெட்டி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இனிச் சுருளுக்கு வருவோம். தொடக்கத்துக்கு இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல் கம்பியே ஏற்றது. சூட்டில் அதன் மின்தடை அநேகமாக மாறுவதில்லை. வளைத்தால் வளைந்தபடி நிற்கும். 0.32 மில்லிமீட்டர் தடிப்புள்ள காந்தலை 2.5 மில்லிமீட்டர் அச்சில் ஐந்து சுற்றுச் சுற்றினால் கால்களையும் சேர்த்து ஏறத்தாழ 1 ஓம் கிடைக்கும். பொருத்தியதும் கருவியின் திரையில் மின்தடையைப் பாருங்கள். எண் துள்ளிக்கொண்டே இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் சுருள் எங்கோ உலோகத்தைத் தொடுகிறது. பஞ்சு வைக்கும் முன், குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடேற்றி, சுருள் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சீராகச் சிவக்கிறதா என்று கவனியுங்கள். ஓரிடம் மட்டும் முதலில் சிவந்தால் பீங்கான் முனையுள்ள இடுக்கியால் மெல்ல வருடிச் சரிசெய்யலாம். நிக்கல், டைட்டேனியம் கம்பிகளை இப்படிச் சிவக்கச் சுடக் கூடாது. அவை வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு உரியவை; சூட்டுக்கேற்ப மின்தடை மாறுவதை வைத்துத்தான் கருவி வெப்பத்தைக் கணிக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பஞ்சு சுருளுக்குள் சற்றே இழுபட்டு நுழைய வேண்டும், சுருளை வளைக்கக் கூடாது. தொடக்கக்காரர்கள் எல்லோரும் பஞ்சை மிகுதியாகவே வைக்கிறார்கள்.

கேள்வி: சில்லே இல்லாத செப்புக் குழாய் மோட் ஒன்றை நண்பர் பரிசாகத் தருகிறேன் என்கிறார். பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் குழாயில் பேட்டரிக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு பொத்தான் மட்டுமே உண்டு. குறுக்குச்சுற்று நேர்ந்தாலும், பொத்தான் பையில் அழுந்திக் கிடந்தாலும், பேட்டரி தலைகீழாக இருந்தாலும் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மூடிய உலோகக் குழாய்க்குள் லித்தியம் கலம் வெடித்துக் கக்கினால் அழுத்தம் ஒரு முனை வழியாகத்தான் வெளியேறும், அந்த முனை முகத்தருகே இருக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்திலும் வேப் கருவி வெடித்து இருவர் இறந்தனர். மின்தடை அளவி கையிலும் மேற்கண்ட கணக்கு மனத்திலும் இல்லாதவர் சில்லில்லாத கருவியைத் தொடாதிருப்பதே முறை. அனுபவமுள்ளவர்களிலும் பலர் அதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: 60 மில்லிலிட்டர் புட்டியில் 50 மில்லிலிட்டர் மட்டுமே நிரப்பி விற்கிறார்களே, ஏன்? வீட்டிலேயே திரவம் கலக்கலாமா? சமையலுக்கு வாங்கிய ஏலக்காய் எசன்ஸ், ரோஜா எசன்ஸ் பயன்படுமா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: நிக்கோட்டின் கலந்த புட்டிக்கு 10 மில்லிலிட்டர் வரம்பு உண்டு என்று மேலே சொன்னேன். நிக்கோட்டின் இல்லாத சுவைத் திரவத்துக்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே பெரிய புட்டியில் இடம் விட்டு விற்கிறார்கள். 10 மில்லிலிட்டர் நிக்கோட்டின் புட்டியை நாம் தனியே வாங்கி அதில் ஊற்றிக் குலுக்கிக்கொள்கிறோம். மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் செறிவுள்ள அந்தச் சிறு புட்டியில் மொத்தம் 180 மில்லிகிராம் நிக்கோட்டின் உண்டு. அது 60 மில்லிலிட்டரில் பரவினால் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். நேராக நுரையீரலுக்கு இழுக்கும் கருவிக்கு அது பொருத்தமான அளவு. சிகரெட்டை அண்மையில் விட்டவர் சிறிய பாட் கருவியில் இதை ஊற்றினால் நிறைவு கிடைக்காது.

2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லிலிட்டருக்கு 2.20 பவுன் வரி என்று அரசு அறிவித்துள்ளது. நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கும் அது உண்டு. 60 மில்லிலிட்டர் கலவைக்கு வரி மட்டுமே 13.20 பவுன் ஆகும் என்பதால், மலிவு என்னும் காரணத்துக்காகப் பெரிய கருவிக்கு மாற நினைப்பவர்கள் மீண்டும் கணக்குப் போடுவது நல்லது.

வீட்டில் கலக்கலாம். ஆனால் மருந்துத் தரமுள்ள அடிப்படைத் திரவங்களும், இதற்கென்றே விற்கப்படும் எண்ணெய் கலவாத சுவைச் சாறுகளும் மட்டுமே கலக்கத் தக்கவை. சமையல் எசன்ஸை விட்டுவிடுங்கள். பலவற்றில் எண்ணெயோ சர்க்கரையோ நிறமோ இருக்கும். வயிறு செரிக்கும் எண்ணெயை நுரையீரல் ஏற்பதில்லை. 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ போனதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது, பெரும்பாலும் கள்ளச்சந்தையில் கிடைத்த கஞ்சாச் சாற்றுக் குப்பிகளில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய்ப்பொருள். கடையில் விற்கும் முறையான நிக்கோட்டின் திரவத்தில் அது இருப்பதில்லை. ஆனால் எண்ணெய் உள்ளே போனால் என்னாகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிக்கோட்டின் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய இடத்தில் வையுங்கள். பழ வாசனை வீசும் அந்தத் திரவம் சிறு குழந்தைக்கு நஞ்சு. தோலில் பட்டாலும் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும்.

கேள்வி: புதுச் சுருள் மாட்டிய முதல் இழுப்பிலேயே கருகல் நாற்றம். என்ன தவறு?
– வாசகர், லூட்டன்

பதில்: பஞ்சு நனையுமுன் சூடேற்றியிருக்கிறீர்கள். புதுச் சுருளின் துளைகளில் சில துளி திரவத்தை விட்டு, கலத்தை நிரப்பி, பத்து நிமிடம் பொறுத்திருந்து, குறித்த வாட்டின் கீழ் எல்லையிலிருந்து தொடங்க வேண்டும். கருகிய பஞ்சு திருந்தாது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து வரும் என் மைத்துனரிடம் ஒரு கருவியும் நிக்கோட்டின் இல்லாத திரவமும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்குத்தானே, சுங்கத்தில் தடை இருக்குமா? வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்குகிறார்.
– வாசகர், மதுரை

பதில்: இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமான மின் சிகரெட் தடைச் சட்டம், உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம், சேமிப்பு, விளம்பரம் ஆகிய அனைத்தையும் தடுக்கிறது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடேற்றி உள்ளிழுக்கும் ஆவியாக்கும் மின்னணுக் கருவி எதுவும் அதன் வரையறைக்குள் அடங்கும். ஆகவே நிக்கோட்டின் இல்லை என்பது பதிலாகாது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்பதற்குத் தனியே ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதி இருக்கிறது. பெட்டிக்கடையில் சிகரெட் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் இந்தத் தடை பொருத்தமானதா என்று வாதிடலாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து நிற்கும் உங்கள் மைத்துனருக்கு அந்த வாதம் உதவாது.

சிங்கப்பூர் இதைவிடக் கடுமையானது. 2018 பிப்ரவரி 1 முதல் அங்கே வேப் வைத்திருப்பதும், வாங்குவதும், பயன்படுத்துவதும் குற்றம். 2025 செப்டம்பர் முதல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டுள்ளன. பிரிட்டனில் உரிமையோடு வாங்கிய கருவியானாலும், இந்த இரு நாடுகளுக்கும் பயணம் செய்பவர் அதை வீட்டிலேயே விட்டுவர வேண்டும்.

கேள்வி: மின் சிகரெட்டைக் கண்டுபிடித்தவர் யார்?
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையற்ற, புகையிலையற்ற சிகரெட்டுக்கு 1965இல் காப்புரிமை பெற்றார், அது சந்தைக்கு வரவில்லை. இன்றைய கருவியின் மூலம் சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கியது.

கேள்வி: எங்கள் மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஒருபோதும் சிகரெட் பிடித்ததில்லை. ஆனால் கருவிகளைச் சேகரிப்பதும் சுருள் சுற்றுவதும் அவனுக்குப் பொழுதுபோக்காகிவிட்டன. ஆபத்து இல்லை என்கிறான். நாங்கள் என்ன சொல்வது?
– பெற்றோர், ஹாரோ

பதில்: சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு என்பதைப் பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்புகள் 2015 முதல் சொல்லிவருகின்றன, அதனால்தான் புகைப்பவர்கள் விட்டொழிக்க உதவும் வழியாக அதை ஆதரிக்கிறார்கள். அதே அமைப்புகள், புகைக்காதவர்கள் வேப்பைத் தொடங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. தங்கள் மகன் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறார். சிகரெட் பிடிக்காத ஒருவர் தம்மை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியது தூய காற்றை இழுப்பவரோடுதான். அந்த ஒப்பீட்டில் வேப் தோற்கும். இத்தனை சுவைப்பொருள்களைப் பல்லாண்டுகள் உள்ளிழுத்தால் என்ன நேரும் என்பதை அறியும் அளவுக்கு இக்கருவிகளுக்கு வயதாகவில்லை.

முதலில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: திரவத்தில் நிக்கோட்டின் இருக்கிறதா? இருந்தால் அதைப் பொழுதுபோக்கு என்று அழைப்பதில் பொருளில்லை, விட நினைக்கும் நாளில்தான் அது தெரியவரும். இல்லையென்றால், அவரை ஈர்ப்பது கம்பியும் கணக்கும் கைவேலையும் என்றே தோன்றுகிறது. அதே ஓம் விதி, அதே நுண்ணிய திருகுகள், அதே இடுக்கி ஆகியவற்றோடு பழைய வானொலிகளைப் பழுதுபார்ப்பதும், ஒலிபெருக்கி கட்டுவதும் காத்திருக்கின்றன. கண்டித்து நிறுத்த அவர் சிறுவரல்லர். பேட்டரிகளை எப்படி வைத்திருக்கிறார் என்று அக்கறையோடு கேட்டுப் பேச்சைத் தொடங்கினால் உரையாடல் நீளக்கூடும்.

கேள்வி: பழைய எறிந்துவிடும் வேப்புகள் ஒரு பை நிறைய வீட்டில் கிடக்கின்றன. குப்பைத் தொட்டியில் போடலாமா?
– வாசகி, வெம்பிளி

பதில்: கூடாது. ஒவ்வொன்றிலும் லித்தியம் பேட்டரி இருக்கிறது. குப்பை வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டவை. பையை எடுத்துச் சென்று கடைக்காரரிடம் கேளுங்கள். உள்ளாட்சி மறுசுழற்சி மையங்களிலும் வாங்கிக்கொள்வார்கள். கழற்றிய 18650 கலங்களாக இருந்தால், இரு முனைகளிலும் ஒட்டுநாடாவைச் சுற்றிக் கொடுங்கள்.